ஜெர்மனி வேலைக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்

ஜெர்மனியில் வேலை உறுதியாகிவிட்டது என்றதும் நம் ஊர்ப் பொறியாளர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு சம்பளம் கேட்கலாம்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பலருடைய பேச்சுவார்த்தை அந்த ஒரு கேள்வியோடு முடிந்துவிடுகிறது. ஆண்டுக்கு 2,000 யூரோ கூட்டி வாங்கிவிட்டோம் என்று மகிழ்வார்கள். நடுத்தரச் சம்பளத்தில் இருக்கும் மணமாகாதவருக்கு அந்த 2,000-இல் ஏறத்தாழப் பாதி வரிக்கும் காப்பீட்டுக்கும் போய்விடும். வீடு கிடைக்கும் வரை எங்கே தங்குவது, மனைவியின் டிக்கெட்டை யார் எடுப்பது, ஓராண்டில் வேலை போனால் எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் பேசாமலே விமானம் ஏறுவார்கள்.

நிறுவனத்தின் பக்கமிருந்து பார்த்தால், சம்பளத்தை உயர்த்துவது அவர்களுக்குச் சிரமம். அது ஆண்டுதோறும் தொடரும் செலவு. பக்கத்து மேசைக்காரர் என்ன வாங்குகிறார் என்ற கேள்வியும் கூடவே வரும். ஒரே ஒரு முறை செய்யும் செலவு அப்படி இல்லை. மேலாளர் மனது வைத்தால் ஒரு மின்னஞ்சலில் முடிந்துவிடும். எனவே சம்பளத்தை நியாயமான இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, மிச்சமுள்ள பலத்தை இடமாற்றச் செலவுகளிலும் ஒப்பந்த நிபந்தனைகளிலும் காட்டுங்கள். அந்தப் பலமும் வேலை உறுதியான நாளுக்கும் நீங்கள் கையெழுத்திடும் நாளுக்கும் இடைப்பட்ட சில வாரங்களுக்குத்தான்.

முதல் படி: எந்த வகையில் போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

உங்கள் நிறுவனமே சில காலத்துக்கு அங்கே அனுப்பிவைக்கிறதா, அல்லது ஜெர்மனியில் உள்ள நிறுவனம் உங்களைப் புதிய ஊழியராக எடுத்துக்கொள்கிறதா? ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலிருந்து ஸ்டுட்கார்ட் பக்கம் போகிறவர்களில் இரண்டு வகையினரும் உண்டு. விமானம் ஒன்றுதான் என்றாலும் கேட்க வேண்டியவை வேறு வேறு.

முதல் வகையில் உங்கள் வேலை ஒப்பந்தம் இந்தியாவிலேயே இருக்கும். நிறுவனத்துக்குள் இடம் மாறுகிறவர்களுக்கான அனுமதி, நிபுணர்களுக்கும் மேலாளர்களுக்கும் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையிலான சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை 2017 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் பி.எஃப். இங்கேயே தொடரும், அங்கே ஓய்வூதியப் பங்களிப்புப் பிடிக்க மாட்டார்கள். இந்த வகையில் கேட்டுப் பெற வேண்டியவை: திரும்பி வரும்போது எந்தப் பதவி, எந்தச் சம்பள நிலை, போயிருக்கும் காலத்தில் இங்குள்ள வருடாந்தர உயர்வு உண்டா, ஜெர்மன் வருமான வரியை யார் கட்டுவது. கடைசிக் கேள்விக்கு "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பதில் வந்தால் அதை எழுத்தில் கேளுங்கள். அங்கே வரி என்பது சில்லறைத் தொகை அல்ல.

இரண்டாம் வகையினர் பெரும்பாலும் புளூ கார்டு, அதாவது பட்டம் பெற்ற வெளிநாட்டு ஊழியர்களுக்கான வேலை, வசிப்பு அனுமதி வாங்கிப் போகிறார்கள். ஜெர்மன் ஓய்வூதியத்துக்குப் பணம் கட்டியபடி 27 மாதங்கள் வேலை செய்து, அடிப்படை அளவில் மொழியும் தெரிந்தால் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்வில் தேறியவர்களுக்கு 21 மாதங்களே போதும். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஊர் திரும்பிவிடுவோம் என்று உறுதியாக இருப்பவருக்கு முதல் வகை நல்லது. பிள்ளைகளை அங்கேயே படிக்க வைக்கும் எண்ணம் இருந்தால், கையில் கிடைப்பது சற்றுக் குறைந்தாலும் இரண்டாவதுதான். இனி வருபவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினருக்கு.

இரண்டாம் படி: சம்பள எண்ணைச் சரியாகப் படியுங்கள்

நம் ஊரில் சி.டி.சி. என்ற ஒரு மொத்தக் கணக்கைப் பார்த்துப் பழகிவிட்டோம். நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு வரை அதற்குள் அடங்கியிருக்கும். ஜெர்மன் ஒப்பந்தத்தில் இருக்கும் ஆண்டுச் சம்பளம், அதாவது 'புரூட்டோ', அப்படி இல்லை. நிறுவனம் தன் பங்குக்குக் கட்டும் காப்பீட்டுத் தொகைகள் அதற்கு வெளியே. உங்கள் பங்கு மட்டும் அதிலிருந்து பிடிக்கப்படும். ஓய்வூதியத்துக்கு 9.3 சதவீதம், வேலையின்மைக் காப்பீட்டுக்கு 1.3 சதவீதம், அதற்கு மேல் மருத்துவக் காப்பீடு, முதியோர் பராமரிப்புக் காப்பீடு, பிறகு வரி.

ஆண்டுக்கு 60,000 யூரோ என்று வைத்துக்கொள்வோம். 2025-ஆம் ஆண்டு விகிதங்களின்படி, மணமாகாதவரான முதல் வரி வகுப்பினருக்கு மாதம் சுமார் 3,100 யூரோ கைக்கு வரும். வேலைக்குப் போகாத துணையுடன் அங்கே வசிப்பவர் மூன்றாம் வகுப்புக்கு மாறினால் சுமார் 3,500 வரும். சம்பளம் ஒன்றுதான், மாதம் 400 யூரோ வித்தியாசம். துணைவர் சென்னையிலேயே இருக்கும் வரை மூன்றாம் வகுப்பு கிடைக்காது. அதே ஆண்டுக்குள் வந்து சேர்ந்துவிட்டால், ஆண்டு முடிந்ததும் கணக்குத் தாக்கல் செய்து கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பப் பெற வழி உண்டு. குடும்பத்தின் விசாவையும் சம்பளப் பேச்சோடு சேர்த்துப் பேச வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம்.

புளூ கார்டுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுதோறும் மாறும். 2025-இல் அது 48,300 யூரோ, 2026-க்கு 50,700. கணினி, பொறியியல், மருத்துவம் போன்ற ஆள் பற்றாக்குறையுள்ள துறைகளுக்கு 2026-இல் 45,934 யூரோ போதும். உங்களுக்கு வந்திருக்கும் எண் இந்த வரம்பை ஒட்டி, நூறு இருநூறு யூரோ மேலே நின்றால் சுதாரித்துக்கொள்ளுங்கள். விசா கிடைப்பதற்கு என்ன வேண்டுமோ அதைக் கணக்குப் பார்த்துப் போட்ட எண் அது. உங்கள் வேலைக்கு அந்த ஊரில் என்ன தருகிறார்கள் என்று பார்த்துப் போட்டது அல்ல. அதைத் தெரிந்துகொள்ள ஜெர்மன் வேலைவாய்ப்புத் துறையே 'என்ட்கெல்ட்அட்லாஸ்' என்ற சம்பள வரைபடத்தைப் பொதுவில் வைத்திருக்கிறது; தொழிலையும் மாநிலத்தையும் கொடுத்தால் நடுநிலைச் சம்பளம் தெரியும். பேச்சுக்குப் போகும்போது அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு மூன்று கேள்விகள். ஒப்பந்தத்தில் உள்ள ஆண்டுத் தொகை பன்னிரண்டு மாதச் சம்பளமாகப் பிரிக்கப்படுகிறதா, பதின்மூன்றாகவா? அதில் ஊக்கத்தொகை எவ்வளவு, அது நிச்சயமானதா? உறுதியில்லாத ஊக்கத்தொகை புளூ கார்டு வரம்புக்குக் கணக்கில் வராது. நிறுவனம் தொழிற்சங்க ஊதிய உடன்பாட்டுக்கு உட்பட்டதா? வாகனம், இயந்திரத் துறைகளில் பல நிறுவனங்கள் அப்படித்தான். அங்கே சம்பளத்தைப் பேசிப் பயனில்லை. எந்த ஊதியப் பிரிவில் வைக்கிறார்கள் என்பதைத்தான் பேச வேண்டும். ஒரு பிரிவு மேலே ஏறினால் மற்றதெல்லாம் தானாக ஏறும்.

"இப்போது என்ன வாங்குகிறீர்கள்?" என்று கேட்டால் ரூபாய்க் கணக்கைச் சொல்லாதீர்கள். அதை யூரோவாக்கி, அதற்கு மேல் முப்பது சதவீதம் என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே கவிழ்ந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த சம்பள வெளிப்படைத்தன்மை விதி, விண்ணப்பதாரரிடம் பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்றே சொல்கிறது. "இந்தப் பொறுப்புக்கு இந்த ஊரில் நான் எதிர்பார்ப்பது இவ்வளவு" என்று சொல்லி நிறுத்துங்கள்.

மூன்றாம் படி: முதல் மூன்று மாதங்களை அவர்கள் கணக்கில் எழுதுங்கள்

கையில் பணம் கரைவது இங்கேதான். மாத வாடகை 1,100 யூரோ என்று வையுங்கள். இது வெறும் வாடகை. வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்த்தால் 1,350 ஆகலாம். டெபாசிட்டாக மூன்று மாத வெறும் வாடகை வரை கேட்கலாம் என்கிறது சட்டம், ஆக 3,300. அதை மூன்று தவணைகளாகக் கட்டும் உரிமை உங்களுக்கு உண்டு. எந்த வீட்டுக்காரரும் அதைத் தானாக வந்து சொல்ல மாட்டார். பிறகு சமையலறை. பல வாடகை வீடுகளில் சமையலறை என்று காட்டும் இடத்தில் சுவரும் குழாய் முனைகளும்தான் இருக்கும். அடுப்பு, அலமாரி, கழுவுதொட்டி எல்லாம் குடிவருபவர் பாடு. இத்தனையும் முதல் சம்பளம் வருவதற்கு முன்பே, அது மாதக் கடைசியில்தான் வரும்.

ஆகவே கேளுங்கள்: இரண்டு, முடிந்தால் மூன்று மாதங்களுக்கு, நிறுவனச் செலவில் தட்டுமுட்டுச் சாமான்களுடன் கூடிய வீடு. இதில் முக்கியமான ஒரு நிபந்தனை உண்டு. அந்த முகவரியில் நகராட்சிப் பதிவு செய்ய முடிய வேண்டும். குடிவந்த இரண்டு வாரங்களுக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் தரும் சான்று தேவை. அந்தப் பதிவை வைத்துத்தான் வரி எண் வரும். வரி எண் இல்லாவிட்டால் அதிகமாகப் பிடிக்கும் ஆறாம் வரி வகுப்பில் போட்டு முதல் சம்பளத்தில் கணிசமாகப் பிடித்துவிட நேரலாம். சில விடுதிகளும் குறுகிய கால வீடுகளும் இந்தச் சான்றைத் தருவதில்லை. "பதிவு செய்யத்தக்க தங்குமிடம்" என்ற சொற்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

வீடு தேடித் தரும் முகமை ஒன்றையும் கேளுங்கள். புதிதாக வந்தவருக்கு அங்கே கடன் வரலாறு இருக்காது; வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள். நிரந்தர வேலை, இவ்வளவு சம்பளம் என்று நிறுவனத்தின் தாளில் ஒரு கடிதம் இருந்தால் கதவு சற்றுத் திறக்கும். அந்தக் கடிதத்துக்கு அவர்களுக்கு ஒரு செலவும் இல்லை. மியூனிக் போகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். நாட்டிலேயே வாடகை மிக அதிகமான பெருநகரம் அதுதான்; லைப்சிக்கில் தாராளமாக இருக்கும் சம்பளம் அங்கே இழுபறியாகிவிடும்.

பணமாகத் தருவதா, பில்லுக்குத் தருவதா என்பதையும் பாருங்கள். "இடமாற்ற உதவித்தொகை 5,000 யூரோ" என்று மொத்தமாகக் கையில் கொடுத்தால் அது சம்பளமாகக் கருதப்பட்டு வரி பிடிக்கப்படும். வேலைக்காக இடம் மாறியதன் செலவுகளை ரசீது காட்டித் திரும்பப் பெற்றால், சட்டம் அனுமதிக்கும் வரம்புக்குள் அதற்கு வரி இல்லை. டிக்கெட், சாமான் அனுப்பும் கட்டணம், தங்குமிடம் ஆகியவற்றை ரசீது வழியில் கேளுங்கள். ரசீது காட்ட முடியாத சில்லறைச் செலவுகளுக்கு மட்டும் ஒரு தொகையைத் தனியாகக் கேளுங்கள். அது கைக்கு வரும் தொகையா, பிடித்தத்துக்கு முந்தைய தொகையா என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.

நான்காம் படி: குடும்பம்

புளூ கார்டு வைத்திருப்பவரின் துணைவருக்கு ஜெர்மன் மொழித் தேர்வு இல்லாமலே விசா உண்டு; போன முதல் நாளிலிருந்தே வேலை பார்க்கலாம். அரசு மருத்துவக் காப்பீட்டில் வருமானமில்லாத துணைவரும் பிள்ளைகளும் கூடுதல் கட்டணமின்றி அடங்குவார்கள். குழந்தைத் தொகை ஒரு பிள்ளைக்கு மாதம் 255 யூரோ என்று 2025-இல் இருந்தது, 2026-இல் 259. இதெல்லாம் நாடு தருவது, நிறுவனத்திடம் கேட்க வேண்டியதில்லை.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியது விரைவு நடைமுறை. 2020 மார்ச்சிலிருந்து, திறன்மிகு ஊழியருக்கான விசா வேலைகளை ஜெர்மனியில் இருக்கும் நிறுவனமே அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் முன்கூட்டித் தொடங்க வழி இருக்கிறது. கட்டணம் 411 யூரோ. குடும்பத்தினரையும் அதிலேயே சேர்க்கலாம். நீங்களாகத் தொடங்க முடியாது, நிறுவனம்தான் செய்ய வேண்டும். கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள்; காரணம், அது அவர்களுக்குக் கூடுதல் தாள் வேலை.

மொழி வகுப்புக் கட்டணத்தை உங்களுக்கு மட்டும் கேட்காமல் துணைவருக்கும் சேர்த்துக் கேளுங்கள். பி1 தேர்ச்சி உங்களுக்கு ஆறு மாதத்தை மிச்சப்படுத்தும். துணைவருக்கு வேலையையே வாங்கித் தரும்.

ஐந்தாம் படி: திருப்பிச் செலுத்தும் நிபந்தனையை வரி வரியாகப் படியுங்கள்

இதைப் படிக்காமல் கையெழுத்திடுகிறவர்களே அதிகம். வழக்கமாக இப்படி இருக்கும்: "ஊழியர் பணியில் சேர்ந்த 24 மாதங்களுக்குள் எக்காரணத்தாலும் பணி முடிவுக்கு வந்தால், இடமாற்றச் செலவு முழுவதையும் திருப்பிச் செலுத்த வேண்டும்." இந்த ஒரு வாக்கியத்தில் மூன்று இடங்களைத் திருத்தச் சொல்லுங்கள்.

"எக்காரணத்தாலும்" என்றால் அவர்களே ஆள்குறைப்பு செய்தாலும் நீங்கள் கட்ட வேண்டும். "ஊழியர் தாமாக விலகினால், அல்லது அவருடைய தவறான நடத்தையால் நீக்கப்பட்டால்" என்று மாற்றக் கேளுங்கள். "முழுவதையும்" என்பதை, வேலை செய்த ஒவ்வொரு மாதத்துக்கும் இருபத்து நான்கில் ஒரு பங்கு குறையும்படி மாற்றுங்கள். பதினெட்டு மாதம் உழைத்தவர் கால் பங்கு கொடுத்தால் போதும். 24-ஐ 12 ஆக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டும் கிடைத்துவிட்டால் மூன்றாவதற்காக மல்லுக்கட்ட வேண்டாம். முறையான நிறுவனம் முதல் இரண்டுக்கும் மறுப்புச் சொல்லாது. சொன்னால் அந்த நிறுவனத்தைப் பற்றி ஒரு செய்தி இலவசமாகக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சோதனைக் காலம். சட்டப்படி அதிகபட்சம் ஆறு மாதங்கள்; அந்தக் காலத்தில் இரண்டு வார அறிவிப்பில் இரு தரப்பும் விலகலாம். வீட்டைக் காலி செய்து, பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தவருக்கு இரண்டு வாரம் என்ன அவகாசம்? ஏற்கெனவே அதே குழுமத்தில் வேலை பார்த்தவர் என்றால் சோதனைக் காலமே வேண்டாம் என்று கேட்கலாம். மற்றவர்கள் அறிவிப்புக் காலத்தை ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆக்கக் கேளுங்கள். பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம் எப்படியும் ஆறு மாதத்துக்குப் பிறகுதான், அதுவும் பத்துப் பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களில்தான் பொருந்தும். வேலையின்மைத் தொகைக்கும் பொதுவாகப் பன்னிரண்டு மாதம் பணம் கட்டியிருக்க வேண்டும். ஆகவே முதல் ஆண்டில் நிறுவனமே அனுப்பிவிட்டால் குடும்பத்தின் திரும்பும் டிக்கெட்டும் சாமான் செலவும் அவர்கள் பொறுப்பு என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வது நல்லது.

விடுமுறையைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. ஐந்து நாள் வேலை வாரத்துக்குச் சட்டம் சொல்வது ஆண்டுக்கு 20 நாள். 28 முதல் 30 வரை தருவது வழக்கம். 24 என்று எழுதியிருந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்கு வரும்போது ஓரிரு வாரம் இங்கிருந்தே வேலை பார்க்கலாமா என்பதையும் இப்போதே கேட்டு வைக்கலாம்.

ஆறாம் படி: எப்படிக் கேட்பது

"நீங்களே பார்த்துச் செய்யுங்கள் சார்" என்ற நம் ஊர்ப் பணிவு அங்கே எடுபடாது. அவர்கள் பார்த்துச் செய்ய மாட்டார்கள். கேட்காதது தேவையில்லாதது என்றே எடுத்துக்கொள்வார்கள். கேட்டால் வேலையையே திரும்பப் பெற்றுவிடுவார்களோ என்ற பயம் பலருக்கும் உண்டு. மரியாதையாக, காரணத்தோடு ஒரு முறை கேட்டதற்காக யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. வாரத்துக்கு ஒன்றாக உதிரி உதிரியாகக் கேட்பதுதான் எரிச்சலூட்டும்.

முதலில் உங்களை எடுக்க விரும்பும் மேலாளரிடம் பேசுங்கள். நீங்கள் தேவைப்படுவது அவருக்குத்தான். மனிதவளத் துறையிடம் உங்களுக்காக வாதாடப் போகிறவரும் அவர்தான். பிறகு எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் வரிசைப்படுத்தி மனிதவளத் துறைக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் தொகையும் ஒரு வரிக் காரணமும் போதும். குடும்பக் கதை வேண்டாம். கடிதத்தின் முடிவு இப்படி இருக்கட்டும்: "இந்த ஐந்தும் ஒப்பந்தத்தில் இடம்பெற்றால் இந்த வாரமே கையெழுத்திட்டு அனுப்பத் தயாராக இருக்கிறேன்." மனிதவள அலுவலருக்கு வேண்டியது மூடப்பட்ட கோப்பு, அதை எப்படி மூடுவது என்று நீங்களே சொல்லிவிடுகிறீர்கள்.

"எங்கள் விதிகளில் இடமில்லை" என்று பதில் வந்தால், வேறு தலைப்பில் கேளுங்கள். இரண்டு மாத வீடு தர முடியாது என்றால், அதற்கு ஈடான தொகையைச் சேர்க்கை ஊக்கத்தொகையாகத் தர முடியுமா? இந்தியாவில் ஐந்து ஆண்டு நிறைவடையச் சில மாதங்கள் இருக்கும்போது விலகுவதால் கிராஜுவிட்டி போகிறது என்றால் அதையும் இதே தலைப்பில் கேட்கலாம். கணக்கைக் காட்டினால் புரிந்துகொள்வார்கள். தொலைபேசியில் ஒப்புக்கொண்டது எதுவானாலும் அன்றே மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்தி, பிறகு ஒப்பந்தத்திலும் ஏற்றச் சொல்லுங்கள். வாய்மொழி உடன்பாடுகள் ஏதும் இல்லை என்ற ஒரு வரி கடைசிப் பக்கத்தில் பெரும்பாலும் இருக்கும்.

ஏழாம் படி: தேதிகள்

ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் கடவுச்சீட்டில் இருப்பதுபோலவே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். முன்னெழுத்தும் அப்பா பெயரும் இடம் மாறிக் கிடப்பது நம்மவர்களுக்கு வழக்கமான தலைவலி. விசா, வரி எண், வங்கிக் கணக்கு என எல்லா இடத்திலும் அது தொடரும்.

பணியில் சேரும் தேதி, "விசா கிடைத்த பின், பரஸ்பர ஒப்புதலுடன் தள்ளிவைக்கத்தக்கது" என்று இருக்கட்டும். இங்கே தொண்ணூறு நாள் அறிவிப்புக் காலம் உள்ளவர்கள், இரு தரப்பும் கையெழுத்திட்ட பிரதி கைக்கு வரும் வரை ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டாம். அறிவிப்புக் காலத்தைப் பணம் கட்டிக் குறைக்க வேண்டியிருந்தால், அந்தப் பணத்தையும் புதிய நிறுவனத்திடம் கேட்கலாம்.

புறப்படும் தேதியில் நம் வருமான வரிக் கணக்கும் ஒளிந்திருக்கிறது. வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியர், அந்த நிதியாண்டில் 182 நாட்களுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்திருந்தால் வெளிநாடுவாழ் இந்தியராகக் கருதப்படுவார். அவர் அங்கே சம்பாதிப்பதற்கு இங்கே வரி இல்லை. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தொடர்ந்து இங்கேயே இருப்பவருக்கு அந்தக் கணக்கு செப்டம்பர் 28-இல் முடிகிறது. அக்டோபர் முதல் தேதி சேர வேண்டும் என்று எழுதியிருந்தால், வீடு பார்க்கவும் முகவரி பதிவு செய்யவும் ஒரு வாரம் முன்னதாக வருவதாகச் சொல்லி, டிக்கெட்டை 24 அல்லது 25-ஆம் தேதிக்குப் போடச் சொல்லுங்கள்.